பதினான்காம் படுக்கையும் என் இரண்டு நிமிட வீடியோவும்

வீடியோ எடுக்கலாம் என்று எனக்குத் தோன்றியபோது நான் அழுக்குப் படுக்கை விரிப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மத்தியானம் இரண்டேகால். என் ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடிந்திருக்க வேண்டும். அடுத்த ஷிஃப்டுக்கு வர வேண்டிய இரண்டு நர்ஸ்களில் ஒருத்தி வரவில்லை. "இன்னிக்கு மட்டும் கண்டினியூ பண்ணிக்கோ" என்று மேல்மாடி நிர்வாகத்திலிருந்து போன் வந்திருந்தது. அந்த வாரத்தில் அது நான்காவது 'இன்னிக்கு மட்டும்'. சாக்ஸைக் கழற்றியதும் கணுக்காலைச் சுற்றி ஒரு பள்ளம் தெரிந்தது. நோயாளிகளுக்குப் பார்ப்பதுபோலவே விரலால் அமுக்கிப் பார்த்தேன். குழி விழுந்து, யோசித்து யோசித்து மேலே வந்தது.

இதை யாராவது பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். யார் வந்து பார்ப்பார்கள், நாம்தான் காட்ட வேண்டும் என்று அடுத்த நொடியே நினைத்தேன். என் மூளை எப்போதும் அப்படித்தான் வேலை செய்யும். ஒரு விஷயம் தோன்றினால் அது கைக்கு வந்த பிறகுதான் புத்திக்கு வரும். போன் ஏற்கெனவே கையில் இருந்தது.

ஆனால் நான் முட்டாள் இல்லை என்பதில் எனக்கு அப்போது பெரிய நம்பிக்கை. அடையாள அட்டையைத் திருப்பி மேல் பையில் போட்டேன். முகம் காட்டவில்லை, கேமராவைக் கீழே பிடித்து மடியையும் காலையும் மட்டும் எடுத்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன். ஆஸ்பத்திரியின் பெயரையும் சொல்லவில்லை, பம்பாய், செம்பூர் என்றும் சொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாகத் தமிழில் பேசினேன்.

எங்கள் வார்டில் தமிழ் ஒரு பூட்டிய அறை. என்னோடு வேலை பார்த்த அக்காவும் நானும் டாக்டருக்கு முன்னால் நின்றே டாக்டரைப் பற்றிப் பேசிக்கொள்வோம். அவர் மராத்திக்காரர், நாங்கள் மருந்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று தலையாட்டுவார். அந்தப் பழக்கம் தந்த திமிர்தான் எனக்கு. எழுதிப் போட்டிருந்தால் என் தாராவிக் கூட்டாளிகளே படித்திருக்க மாட்டார்கள், பாதிப் பேருக்கு எழுத்துக்கூட்டித்தான் தமிழ் வாசிக்க வரும். பேசினால் எல்லோருக்கும் புரியும், மேல்மாடியைத் தவிர. இதுதான் என் கணக்கு.

"இருவத்திரண்டு பெட்டு. ரெண்டு நர்ஸு. காலைல ஏழரைக்கு நின்ன காலு இது. க்ளவுஸ வேற பூட்டி வச்சிருக்காங்க, சாவிய வாங்க மாடி ஏறணும். மேல ஏசில உக்காந்துட்டு போன் பண்ணுதவுங்க ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கீழ எறங்கி வந்து பெட்பேன் எடுத்துப் பாக்கட்டும்" என்று தொடங்கி இரண்டு நிமிடம் பேசி, என் பெயர் இல்லாத ஒரு பக்கத்தில் போட்டேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. இதை இப்போதும் சொல்கிறேன்.

அன்று சாயங்காலம் தாராவி வந்து சேர்வதற்குள் அதை யார் யாரோ பகிர்ந்திருந்தார்கள். நான் ஒரு வெறி பிடித்தவள்போல ஒவ்வொரு கருத்தையும் படித்தேன். "சேவை செய்ய வந்துட்டு சலிச்சுக்கிட்டா எப்படி?" "வேலை நேரத்துல நர்ஸுக்கு எதுக்கு போன்?" "பிடிக்கலன்னா வீட்ல இரும்மா." இவர்களில் ஒருவருக்கும் இதுவரை ஊசி போட வேண்டி வந்ததில்லை போலிருக்கிறது. இன்னொரு பக்கம், முகம் தெரியாத நர்ஸ்களின் செய்திகள்: எங்களுக்காகவும் பேசுங்க சிஸ்டர், அடுத்த பார்ட் எப்போ. அடுத்த பகுதிக்கு நான் குறிப்பே எழுதிவிட்டேன். ஐந்து பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் தலைப்பு. அவ்வளவு சந்தோஷம்.

மறுநாள் காலையில் வார்டில் அக்கா தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவள் ஆண்டாப் ஹில்லிலிருந்து வருகிறவள், பதினொரு வருஷமாக அதே வார்டு.

"இது யாருட்டி? நம்ம லினன் ரூம் தரை மாரி இருக்கு."

"எல்லா ஆஸ்பத்திரிலயும் அதே டைல்ஸ்தான்க்கா."

"ஆமா. எல்லா ஆஸ்பத்திரிலயும் அதே பெருவெரல் நகமும் இருக்கும், பாதி பிஞ்சி போயி."

நான் காலை உள்ளுக்கு இழுத்துக்கொண்டேன்.

"நான் இதப் பாக்கல. ஒன்ன எனக்குத் தெரியாது. எக்கேடும் கெட்டுப் போ" என்றாள். "பதினேழுக்கு சுகர் பாக்கணும், போ."

மூன்றாம் நாள் என்னை மேல்மாடிக்குக் கூப்பிட்டார்கள். பணியாளர் விவகாரங்களைப் பார்க்கிற மேடத்தின் அறை. அவரிடம் நான் அதுவரை ஒரே ஒரு முறை, வேலைக்குச் சேர்ந்த அன்று, ஆங்கிலத்தில் பேசியிருக்கிறேன். மாட்டுங்காவிலிருந்து வருகிறார் என்பது மட்டும் தெரியும். மாட்டுங்கா என்றால் பம்பாயின் பழைய தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற பேட்டை என்று நான் ஒரு நிமிடமாவது யோசித்திருக்க வேண்டும்.

"உக்காரு" என்றார், தமிழில்.

"பரவால்ல மேடம்."

"நிக்கறதுதான் கஷ்டம்னு லோகத்துக்கே சொல்லியிருக்கியே. உக்காரு."

உட்கார்ந்தேன்.

"தமிழ்ல பேசினா இங்க யாருக்கும் புரியாதுன்னு நெனச்சியாக்கும்? நேக்கு வரிக்கு வரி புரிஞ்சுது. ஏசில உக்காந்துண்டு போன் பண்றது யாருன்னும் புரிஞ்சுது."

"நான் ஆஸ்பத்திரி பேரு சொல்லல மேடம். யார் பேரையும் சொல்லல."

"சொல்லலே. எழுதி ஒட்டிண்டிருக்கே." கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். என் வீடியோவை நடுவில் நிறுத்திப் பெரிதாக்கி வைத்திருந்தார். காலைக் காட்டுவதற்காக நான் குனிந்த கணம். திரை முழுக்க என் வலது தொடை. தொடையில், பேண்ட்டின் மேல், ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளை டேப்.

நர்ஸ் வேலை பார்க்காதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். நோயாளியின் பதிவேடு வார்டின் ஒரு கோடியில் இருக்கும், நோயாளி மறு கோடியில் இருப்பார். ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய் எழுத முடியாது. ஊசி ஒட்டுகிற காகித டேப்பைக் கிழித்துத் தொடையில் ஒட்டிக்கொண்டு, படுக்கை எண், பெயர், செய்ய வேண்டியது என்று அதில் கிறுக்கிக்கொள்வோம். ஷிஃப்ட் முடிந்ததும் பிய்த்துக் குப்பையில் போடுவோம். எங்கள் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. ஒட்டியிருப்பதே உடம்புக்குத் தெரியாது. நான் முகத்தை மறைத்தேன், அட்டையை மறைத்தேன், குரலை மறைத்தேன். என் ஷிஃப்ட்தான் இன்னும் முடியவில்லையே, டேப் அங்கேயே இருந்தது.

மூன்றாவது வரி பளிச்சென்று படிக்க வந்தது. பதினான்கு. அந்த அம்மாளின் முழுப்பெயர். சளி மாதிரி, டிபி, இரண்டு மணி. டிபியா என்று பார்க்கச் சளியை இரண்டு மணிக்குள் லேபுக்கு அனுப்ப வேண்டும் என்று எனக்கு நானே எழுதிக்கொண்ட நினைவுக்குறிப்பு. மறுநாளே டிபி இல்லை என்று முடிவு வந்தது. வெறும் நிமோனியா. வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள்.

"அவ ஆண்டாப் ஹில்ல இட்லி போட்டு விக்கறவ, தெரியுமோ?" என்றார் மேடம். "அவா தெருவுல யாரோ இத நிறுத்தி நிறுத்திப் பாத்திருக்கா. டிபிக்காரி கை இட்லின்னு பேச்சாயிடுத்து. இன்னிக்குக் கார்த்தால இங்க வந்து ரிசப்ஷன்ல கத்திட்டுப் போனா."

திரையில் இருந்த அந்தப் பெயரை மறுபடி ஒரு முறை படித்தேன்.

அவர் ஒரு கடிதத்தை மேசையில் தள்ளினார். மூன்று பத்தி. ஒரு நோயாளியின் விவரத்தை நான் வெளியிட்டேன் என்று முதல் பத்தி. ஆட்கள் குறைவு, கையுறை பூட்டு என்று நான் சொன்னதெல்லாம் பொய், மன அழுத்தத்தில் உளறினேன் என்று இரண்டாவது. வேலையைப் பற்றி இனி எங்கும் எதுவும் போட மாட்டேன் என்று மூன்றாவது. திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு விட்டுவிடுவார்கள். இல்லாவிட்டால் நர்சிங் கவுன்சிலுக்கு எழுதுவார்கள். அங்கே என் பதிவை ரத்து செய்தால் செம்பூர் இல்லை, இந்தியாவில் எந்த ஆஸ்பத்திரியிலும் நான் நர்ஸ் இல்லை.

"மொத பாராவுக்கும் மூணாவதுக்கும் கையெழுத்துப் போடுதேன் மேடம். நடுவுல உள்ளத எடுத்திருங்க."

"இதென்ன கறிகாய்க் கடையா, நோக்கு வேண்டியதப் பொறுக்கி எடுத்துக்கறதுக்கு?"

"அது பொய்யில்ல மேடம். உங்களுக்கே தெரியும்."

"நேக்கு என்ன தெரியும்கறது உன் வீடியோவுல வராது. திங்கக்கெழம வரைக்கும் டூட்டிக்கு வராதே. அந்தப் பொம்மனாட்டி இருக்கற பக்கமும் போகாதே."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் செய்த தப்பை அவர்கள் ஆத்திரத்தோடு பார்க்கவில்லை, நிம்மதியோடு பார்த்தார்கள். என் டேப் அவர்களுக்குக் கிடைத்த பரிசு. வீடியோவில் நான் கேட்டதற்கு இனி ஒருவரும் பதில் சொல்ல வேண்டாம். மாடிப்படியில் நின்றே வீடியோவை அழித்தேன். பிரயோஜனம் இல்லை. எவனோ அதை எடுத்துச் சோகப் பாட்டுச் சேர்த்துத் தன் பக்கத்தில் போட்டிருந்தான். எங்களுக்காகவும் பேசுங்க சிஸ்டர் என்றவர்களுக்கு, மாட்டிக்கொண்டேன், உங்கள் வார்டிலும் இப்படித்தான் என்று ஒரு வரி எழுதித் தருவீர்களா என்று செய்தி அனுப்பினேன். எல்லோரும் படித்ததற்கு அடையாளம் வந்தது. அதோடு சரி.

வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை செய்கிறவள். என் பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டு, எங்கள் ஒற்றை அறைக்குள் நுழைந்தவுடன் தெரிகிற இடத்தில் மாட்டி வைத்திருக்கிறாள்.

"போடு கையெழுத்த" என்றாள்.

"பொய்யிம்மா அது."

"பொய்யி. இருக்கட்டும். அந்தா மாட்டியிருக்கே, அது பொய்யா? அதுக்கு எத்தன பை தச்சேன்னு ஒனக்குத் தெரியுமா?"

"அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டா நான் பொய் சொல்லுத நர்ஸுன்னு எழுத்துல ஆயிரும்."

"போடலன்னா நர்ஸே இல்லன்னு ஆயிரும். நீ என்ன நெனச்சிட்டு வீடியோ போட்ட? பம்பாயே தெரண்டு வந்து ஒனக்கு நாற்காலி போடும்னா?"

பதில் சொல்ல முடியாத கேள்விகளை அம்மா எங்கேதான் தைத்து வைக்கிறாளோ. உண்மையில் நான் அதைத்தான் நினைத்தேன்.

சனிக்கிழமை காலை, போகாதே என்று சொன்ன இடத்துக்கு பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்டால் மனசு லேசாகும் என்ற சுயநலம்தான். ஆண்டாப் ஹில்லில் அந்த அம்மாளின் வீட்டைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. இட்லிக்காரம்மா என்றதும் ஒரு பெண் கையை நீட்டி வழி காட்டினாள், தன் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

வாசலில் இட்லிப் பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஐந்து நாள் பக்கத்தில் நின்று மருந்து கொடுத்தவள் என்பதால் என்னை உடனே தெரிந்துவிட்டது.

"வீடியோக்காரியா. வா. போன எடுத்துட்டுத்தான வந்த? புடி. இந்தப் பானையையும் ஒரு படம் புடி."

"மன்னிப்புக் கேக்க வந்தேம்மா. நான் பேசுனது உங்களப் பத்தி இல்ல."

"என்னப் பத்தி இல்ல. பின்ன எம்பேரு ஒந்தொடையில என்னத்துக்குக் கெடந்துச்சு?"

டேப்பைப் பற்றிச் சொன்னேன். ஓடி ஓடி எழுத முடியாது என்பதைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், ஆனால் முகம் இறங்கவில்லை.

"பஸ் ஸ்டாப் டீக்கடக்காரன் ஏழு வருசமா எங்கிட்ட எடுக்கான். முந்தாநாளு 'கொஞ்ச நாளைக்கு வேண்டாம்'னுட்டான். டிபி இல்லன்னு சொன்னா, பேப்பரக் காட்டுங்கான். ஆஸ்பத்திரில கேட்டா 'அடுத்த வாரம் வா'ங்கான். நீ என்ன செய்யி, அதே மாரி ஒரு வீடியோவுல, இந்தம்மாவுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லு."

என் கை அரித்தது. உண்மையாகவே அரித்தது. முதல் வாக்கியம் என்ன, எந்த வெளிச்சத்தில் எடுப்பது என்பதுவரை மூளை போய்விட்டது. பிடித்து இழுத்து நிறுத்தினேன்.

"அது முடியாதும்மா. அந்த வீடியோவப் பாக்காதவனும் இதப் பாப்பான். உங்க நோயப் பத்தி நான் ரெண்டாந்தரம் ஊருக்குச் சொன்னதாத்தான் ஆகும்."

"வெவரம்தான். இந்த வெவரம் செவ்வாக்கெழம எங்க போச்சி?"

"ஆஸ்பத்திரிக்கும் கவுன்சிலுக்கும் எழுத்துல குடுக்கலாம். குடுத்தா ரிப்போர்ட் நகலத் தராம இழுக்க முடியாது."

"என்னத்த எழுத?"

"கம்ப்ளெய்ன்ட்."

"யாரு மேல?"

"எம்மேலதான்."

அவர் முதல் தடவையாகச் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "எனக்கு எழுதத் தெரியாது. எம்மவன் கல்யாணுக்கு வேலைக்குப் போயிருக்கான். இங்க எழுதத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான் நிக்க. எழுது."

அந்தக் கணம் நான் பின்வாங்கியிருக்கலாம். என் மேல் புகாரை நானே எழுதுவது எந்த ஊர்ப் புத்திசாலித்தனம்? ஆனால் பேனா என் பையில் இருந்தது, அந்த அம்மாளின் பானை கவிழ்ந்து கிடந்தது. படியில் உட்கார்ந்தேன். அவர் தமிழில் சொன்னார், நான் இந்தியில் எழுதி, ஒவ்வொரு வரியையும் தமிழில் திருப்பிச் சொன்னேன்.

"இந்தப் பொண்ணு திமிரு புடிச்சவ. எழுது."

"அப்படி எழுதக் கூடாதும்மா. நடந்தத மட்டுந்தான் எழுதணும்."

"நடந்தது அதான். ஏன், வலிக்கோ?"

"'கவனக்குறைவாக'ன்னு எழுதிருக்கேன்."

"பத்தாது. திமிரையும் போடு."

போட்டேன். தொடையில் பெயர், வீடியோ, தெருவில் பேச்சு, டீக்கடை, தராத ரிப்போர்ட் எல்லாம் வரிசையாக வந்தன. முடிந்தது என்று நான் தாளைத் திருப்பும்போது அவர் தொடர்ந்தார்.

"இன்னும் இருக்கு. பெல்லு அடிச்சா வரமாட்டா. ஒண்ணுக்குப் போவ ஒரு மணி நேரம் கெடந்தேன். இவளும் வரல. இன்னொருத்தி இருந்தா, அவ நிக்காம ஓடிட்டே இருந்தா. அந்த நீள ஹாலுக்கு மொத்தமே ரெண்டு பேரு. க்ளவுஸு எடுக்கப் போறேன்னு மாடிக்குப் போனா ஆளக் காணும். ஆஸ்பத்திரியா அது? என்ன, எழுதாம முழிக்க?"

என் பேனா நின்றுவிட்டது. நான் இரண்டு நிமிடத்தில் கத்தியது அத்தனையும் அந்த வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது, எனக்கு எதிராக. தேதி கேட்டேன், நேரம் கேட்டேன். சாப்பாட்டு வண்டி வந்த பிறகா, முன்பா என்று கேட்டேன். ஒரு வார்த்தையும் நான் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. கூட்டத் தோன்றியது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரைத் தமிழில் போட்டார்.

"நீ இதக் கிழிச்சுப் போட மாட்டன்னு என்ன நிச்சயம்?"

"நகல் எடுத்து ஒண்ணு உங்ககிட்டத் தாரேன். இல்லன்னா இப்பமே ஒரு போட்டோ எடுத்து..."

"போட்டோ பேச்ச எடுக்காத."

மெயின் ரோட்டுக்கு வந்து நகல் எடுத்து, திரும்பிப் போய் ஒன்றைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்தான் எனக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்குப் போன் செய்தேன். டூட்டிப் பட்டியல் அவளிடம் இருக்கும். இரண்டு பேர் மட்டும் நின்ற ஷிஃப்ட்கள் எவை என்று அதில் தெரியும்.

"லூசாட்டி நீ? ஒம்மேல நீயே கம்ப்ளெய்ன்ட் எழுதிருக்க."

"அந்தம்மா சொன்னத எழுதுனேன்."

"என் பேரு எங்கயாச்சும் இருக்கா?"

"இல்ல. 'இன்னொரு நர்ஸ் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தார்'னு இருக்கு."

"அத அப்படியே வையி" என்றாள். "பட்டியலு கிட்டியலுன்னு எங்கிட்ட வந்த, கால ஒடிச்சிருவேன். எனக்கு ரெண்டு பிள்ளைங்க." போனை வைத்துவிட்டாள். அவள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான். அவள் சொன்னதில் தப்பு இல்லை என்பதால் கோபம் கொஞ்சம் கூடுதல்.

பட்டியல் இல்லாமலேயே என் வாக்குமூலத்தை இரண்டு பக்கம் எழுதி முடித்தேன். முதல் வாக்கியத்தில் டேப். நோயாளியின் பெயரும் சோதனையும் என் கவனக்குறைவால் வெளியே போயின, அதற்கு நான்தான் பொறுப்பு என்று எழுதினேன். ஆட்கள் குறைவு என்பதை அதற்குச் சாக்காக ஓர் இடத்திலும் சொல்லவில்லை. அது இரண்டாவது பக்கத்தில், தனியாக, எனக்கு நினைவிருக்கிற ஷிஃப்ட்களோடு. மேடத்தின் கடிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. அது மடித்தபடியே இருக்கிறது. வீடியோவில் இதையெல்லாம் இரண்டு நிமிடத்தில் சொன்னேன். தாளில் எழுத இரண்டு நாள் ஆனது, கோபமாக இருக்கிற ஒவ்வொரு வார்த்தைக்கும் எதிரே ஆதாரம் என்ன என்று எழுத வேண்டியிருந்ததால். பாதி வார்த்தைகள் விழுந்துவிட்டன. மிச்சம் நின்றவை வீடியோவில் இருந்ததைவிட மோசமானவை.

நாளை திங்கட்கிழமை. ஆஸ்பத்திரி எழுதுவதற்கு முன்னால் நானே கவுன்சில் அலுவலகத்துக்குப் போகிறேன். என் வாக்குமூலம், அந்த அம்மாளின் புகார், இரண்டையும் கொடுத்து, பெற்றுக்கொண்டோம் என்று நகலில் முத்திரை கேட்பேன். பதிவை நிறுத்தி வைத்தாலும் வைப்பார்கள். அம்மா அந்தச் சட்டத்தைக் கழற்ற வேண்டி வரலாம். இன்று காலையிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. பிறகு செம்பூர். அந்த இரண்டின் நகல்கள், கையெழுத்தில்லாத அந்தக் கடிதம், ரிப்போர்ட் நகலை நோயாளிக்கு இன்றைக்கே தர வேண்டும் என்று ஒரு வரி. மேல்மாடியில் வாங்க மறுத்தால், மாட்டுங்கா தபால் நிலையம் மூடுவதற்குள் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும். அதற்கான உறைக்கு முகவரி எழுதி ஒட்டியாயிற்று.